மெலாலியின் தொட்டி, லமேக்கோவின் குழி

லமேக்கோ வீட்டுத் தொட்டி மிதந்த கதையை இன்றைக்கும் எங்கள் ஃபுனாஃபுட்டித் தீவில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாயங்காலம் விமான ரன்வேயில் பந்தாடுகிற பிள்ளைகள் அதற்கு 'லமேக்கோ கப்பல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பன்றிச் சாணம் கரைக்கிற பிளாஸ்டிக் தொட்டி தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வரவில்லை. அந்தத் தொட்டியைப் புதைத்தவன் நான்.

எனக்கு விவசாய ஆபீசில் வேலை. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஓலை அரைக்கிற மிஷினுக்கு எண்ணெய் போடுவது, கப்பலில் வருகிற விதைப் பொட்டலத்தை எலி தின்னாமல் பார்த்துக்கொள்வது, ஆபீசர் கேட்கும்போது பேனா கொடுப்பது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு திட்டம் வந்தது. பன்றி வளர்க்கிற பன்னிரண்டு வீட்டுக்கு ஆளுக்கொரு தொட்டி. முக்கால்வாசி தரைக்குள் புதைத்து வைக்க வேண்டும். இந்தப் பக்கத்து வாயில் பன்றிச் சாணம், மீன் குடல், சீமைப்பலாத் தோல், சோறு வடித்த கஞ்சி என்று எல்லாவற்றையும் கரைத்து ஊற்ற வேண்டும். உள்ளே காற்று மட்டும் போகக் கூடாது. காற்றில்லாத இருட்டில் அது தானாக நொதித்து, மேலே கேஸாகக் கிளம்பி அடுப்புக்குப் போகும்; அந்தப் பக்கத்து வாயில் கறுப்புக் கரைசலாக வடியும். நாற்றம் போய், மழை பெய்த மண் வாசம்தான் மிஞ்சும். அந்தக் கரைசல்தான் உரம்.

எங்கள் தீவில் மண் என்று ஒன்று கிடையாது. நொறுங்கின பவளக் கல்தான் தரை. லமேக்கோ பெண்டாட்டி மெலாலி அந்தக் கல்லில் ஏழு வருஷம் கரைசலை ஊற்றினாள். அரைத்த ஓலை, கரைசல், மறுபடி ஓலை, மறுபடி கரைசல். அடுப்படிக்குப் பின்னால் ஒரு பாத்தி, இரண்டு பாய் அகலம்தான் இருக்கும். அதில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் கறுப்பாகப் போகும். வெள்ளரியும் கீரையும் காய்த்துத் தள்ளும். வருகிறவர்களை எல்லாம் அவள், "கையை விட்டுப் பாருங்க, சும்மா விடுங்க" என்று கூப்பிடுவாள். ஆபீசரைக்கூட விடவைத்தாள்.

தொட்டி புதைக்கிற படத்தில் அதன் காலைச் சுற்றி சிமெண்ட் வளையம் போட்டிருந்தது. பதினோரு தொட்டிக்குப் போட்டேன். பன்னிரண்டாவது மெலாலி வீடு, அங்கே வந்தபோது சிமெண்ட் தீர்ந்துவிட்டது. அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். வந்தது, வேறு எதற்கோ போய்விட்டது. நானும் விட்டுவிட்டேன்.

"மெலாலி, தொட்டியை மட்டும் ஒருநாளும் காலியா விட்டுராதம்மா" என்று அப்போதே சொன்னேன். "நெறைஞ்சு கெடந்தா அதோட கனமே போதும். காலியாக் கெடந்தா, கடல் பெரிய ஏத்தம் ஏறுத அன்னைக்குக் கீழேருந்து வார தண்ணி தூக்கிரும், பாத்துக்கோ."

"நான் எதுக்கு அண்ணாச்சி காலி பண்ணப்போறேன்? இந்த ஏழு பன்னியும் என்னைக் காலி பண்ண விட்டுருமா?" என்று சிரித்தாள்.

அவள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. சொல்ல அவசியமில்லை. பன்றி அவள் பாடு, தொட்டி அவள் பாடு. குழி அவன் பாடு.

குழி என்றால் புலக்காக் குழி. நல்ல தண்ணீர் ஊறுகிற மட்டத்துக்குப் பவளப்பாறையைத் தோண்டி, அதற்குள் நடுகிற பெரிய சேம்புதான் புலக்கா. இலை ஆளுயரத்துக்கு நிற்கும். ஒரு கிழங்கு பருக்க மூன்று வருஷம், நான்கு வருஷம் ஆகும். ஒவ்வொரு செடியையும் சுற்றி அடியில்லாத தாழங்கூடை ஒன்று முடைந்து வைத்து, அதற்குள் இலைதழை போட்டுத் தீனி கொடுப்பார்கள். எந்த இலை, எத்தனை நாள் காய்ந்தது, எதற்கு மேல் எது என்பது அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு மட்டும் தெரியும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். அடுத்தவன் குழியை எட்டிப் பார்க்கிறவனை நாங்கள் மனுஷனாக மதிப்பதில்லை. குழியோரம் நடக்க நேர்ந்தால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வோம். என் நாற்பத்தெட்டு வயதில் என் அப்பன் குழியைத் தவிர இன்னொரு குழியை நான் பார்த்ததில்லை. என் அப்பன் குழியும் உப்பேறிச் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. ரன்வேக்கு இந்தப் பக்கம் உயிரோடு இருந்தது லமேக்கோ குழி ஒன்றுதான். அதிலும் நான்கு செடி.

லமேக்கோ எனக்கு மச்சான் முறை. என் பெண்டாட்டி அவனுக்குச் சித்தப்பா மகள். போன டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் நான் தென்னம் பதனி இறக்கிவிட்டு அவர்கள் வாசலைக் கடந்தேன்.

"வாரும் மச்சான், சாப்பிட்டுட்டுப் போவும்" என்றான்.

வாசலைக் கடக்கிறவனைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்தான். ஆனால் அன்றைக்குக் குரலில் ஒரு பிடி இருந்தது. போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மெலாலி சோறும் வறுத்த மீனும் பாத்தியில் பறித்த வெள்ளரியும் கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுக்கவில்லை.

"என்ன, சண்டையா?"

"சண்டை ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நியூசிலாந்துல போய்க் குடியிருக்கக் குலுக்குத சீட்டுல எங்க பேரு விழுந்துட்டு."

"ஏ, நல்ல சேதிலா! இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?"

"அதை ஒங்க மச்சாங்கிட்ட கேளுங்க. பேரு விழுந்ததுலேருந்து துட்டி வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்காவ."

"என்னைக் கேக்காம நீதான எழுதிப் போட்ட?" என்றான் லமேக்கோ.

"கேட்டா என்ன சொல்லுவியன்னு எனக்குத் தெரியாதா? குழி, குழி, குழி. ஊருல அத்தன பேரு குழியும் உப்பேறிக் குப்பை கொட்டுதாவ. ரெண்டு பொம்பளப் பிள்ளையள வச்சுக்கிட்டு, ஒங்க நாலு இலைக்கு நாங்க காவல் கெடக்கணுமாக்கும்?"

"எங்க அப்பன் பேரு அந்தக் குழியிலதான் இருக்கு."

"எங்க அப்பன் பேரு கல்லறையில இருக்கு. அதுலயும் போன வருஷம் முழங்கால் தண்ணி நின்னுது."

லமேக்கோ மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. நான் பேச்சை மாற்ற நினைத்தேன். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"குழி எப்படி இருக்குன்னு கேக்கல மச்சான். ஆனா கெழங்கு வருமா, வராதா? அதை மட்டும் சொல்லும்."

"வரும்."

"எப்ப வரும்? எங்க பிள்ளையளுக்குப் பிள்ள பொறந்த பொறவா?" என்றாள் மெலாலி.

"பிப்ரவரி கடைசியில ஊர்க்கூடத்து விருந்து வருதுல்லா? அதுக்கு எங்குழியிலேருந்து ஒரு கெழங்கு கொண்டுபோயி வைப்பேன். ஊரே பாக்கும்."

மெலாலி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, நீங்க சாட்சி. ஊர்க்கூடத்துல வைக்கத் தகுந்த மாதிரி ஒரு கெழங்கு, ஒண்ணே ஒண்ணு, இவுக குழியிலேருந்து வந்தா, நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். காயிதத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு இங்ஙனயே கெடக்கேன். வரல்லன்னா மார்ச்சு மொத வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். இவுக அப்ப வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றான் லமேக்கோ. அவ்வளவு சீக்கிரம் சொல்லுவான் என்று நானும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

ஜனவரி முடிகிற நேரம் லமேக்கோ என் வீட்டுக்கு வந்தான். நான் வலை கட்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து, இரண்டு கண்ணியைத் தானும் கட்டி, வெயிலைப் பற்றிப் பேசி, மழை இல்லாததைப் பற்றிப் பேசி, கடைசியில் சுற்றி வந்தான்.

"மச்சான், அந்தத் தொட்டி இருக்குல்லா, மெலாலி தொட்டி. அதுல வடியுத தண்ணி சரி. அடியில என்ன கெடக்கும்?"

"அடியிலயா? வண்டல் கெடக்கும் வேய். ஏழு வருஷத்து வண்டல். மேல வடியுதது வெறும் தண்ணிதான். சத்தெல்லாம் அடியிலதான் உக்காந்திருக்கும்."

"கெட்டியா இருக்குமோ?"

"கெட்டின்னா அப்படிக் கெட்டி. கறுப்பு மாவு பெசைஞ்சாப்புல. அது உரமில்ல வேய், தங்கம். செத்த கட்டைக்குப் போட்டாலும் துளுக்கும்."

இப்படிச் சொன்னேன். பாவி நான், இப்படித்தான் சொன்னேன். ஏழு வருஷமாக ஆபீசில் யாரும் என்னிடம் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டவனிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவன் இன்னொரு கண்ணியைக் கட்டினான். எதற்காகக் கேட்கிறான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. குழிக்கு என்று புரிந்தது. புரிந்ததனாலேயே வாயை மூடிக்கொண்டேன். ஒருவன் தன் குழிக்கு என்ன தீனி போடுகிறான் என்று மேற்கொண்டு கேட்டால் அது அசிங்கம். "காலி மட்டும் பண்ணிராதீரு" என்கிற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் 'ஒம்ம குழிக்குத்தான் கேக்கீருன்னு எனக்குத் தெரியும்' என்று சொன்னமாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கினேன். எங்கள் மரியாதை அப்படிப்பட்டது. நெருப்பில் போட வேண்டிய மரியாதை.

பிப்ரவரி முதல் வாரம் மெலாலி சபைப் பெண்கள் கூட்டத்துக்காக வைட்டுப்புத் தீவுக்குக் கப்பலேறினாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். போய்வர ஆறு நாள். போகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் நின்று, "பன்னிக்குத் தேங்கா போடச் சொல்லியிருக்கேன். சாணியை அள்ளித் தொட்டியில ஊத்தச் சொல்லியிருக்கேன். அவுக செய்யாட்டா நீங்க ஒரு பார்வை பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. பச்சைச் சாண நாற்றமில்லை, மக்கின வண்டல் வாசம். எனக்குத் தெரியாத வாசமா? போனேன். லமேக்கோ ஒற்றைச் சக்கர வண்டியில் எதையோ வைத்து வாழையிலை போட்டு மூடித் தள்ளிக்கொண்டு குழிப் பக்கம் போனான். தோள் வரைக்கும் கறுப்பு. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினான்.

"என்ன மச்சான், பன்னிக் கொட்டகை கழுவுதீரா?" என்றேன்.

"ஆமா வேய். கழுவுதேன்."

"நல்லாக் கழுவும்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: கொஞ்சம்தான் எடுப்பான், முழுக்கவா எடுப்பான், கேட்டால் கோபப்படுவான், மெலாலி வந்து நிரப்பிவிடுவாள். சொல்லிக்கொள்ள வார்த்தைக்கா பஞ்சம்?

மெலாலி வந்தது புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அடுப்பு எரியல. தீக்குச்சியக் காட்டுனா புஸ்ஸுங்குது, அணைஞ்சு போவுது. கொழா அடைச்சிருக்கோ என்னமோ. வந்து பாருங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வருஷத்தின் பெரிய ஏத்தம். ஆபீசே மணல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆபீசர் என்னை ஒரு பக்கம் இழுத்தார், விதை அறை சாவி என்று இன்னொருவன் இழுத்தான்.

"தொட்டிக்குள்ள பாத்தியாம்மா?"

"அவுகதான் ஊத்திருக்காவளே. நெறைய ஊத்துனேன்னு சொன்னாவ."

அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். "ஏத்தம் வடிஞ்ச பொறவு வாரேம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரில் ஏத்தம் அலையாக வருவதில்லை. கடல் அமைதியாகத்தான் கிடக்கும். தண்ணீர் தரைக்குள்ளிருந்து கொப்பளிக்கும். நாலு மணிக்கு ரன்வே ஓரத்துப் புல்லில் முதல் குமிழி வந்தது. நாலரைக்குக் கணுக்கால். பிள்ளைகள் துணியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான் ஆபீசை விட்டு ஓடினேன். மெலாலி வீட்டை அடையும்போது பன்றிகள் வயிறு நனையக் கத்திக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பாத்தியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருந்தாள், மூட்டைக்கு உள்பக்கமே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"அவரு எங்கம்மா?"

"வேற எங்க? குழிக்குள்ள."

அப்போதுதான் சத்தம் கேட்டது. பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம், தரைக்கு அடியிலிருந்து. கேஸ் குழாய் விண்ணென்று இழுபட்டு அறுந்தது. கல்லும் பரலும் சரிய, தொட்டி ஒரு முழம் எழும்பி நின்றது. அப்புறம் இன்னொரு முழம். பிறகு ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பன்றிக் கொட்டகைச் சட்டத்தில் போய் இடித்தது. கழுத்து வளையம் நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

ஏழு வருஷம் மண்ணுக்குள் கிடந்த வயிறு அது. வெளியே வந்து உருண்டு ஆடியதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ரன்வேயிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து, "கப்பல்! கப்பல்!" என்று கத்தினார்கள். ஒருத்தன் அதன்மேல் ஏறியே விட்டான்.

மெலாலி பன்றிக் கயிற்றை விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த் தொட்டியின் வாயில் தலையை விட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"காலியா இருக்கு" என்றாள்.

தொட்டிமேல் ஏறியிருந்த பையனை நான் கீழே இறக்கினேன்.

"அண்ணாச்சி, தொட்டி காலியா இருக்கு. வழிச்சு எடுத்திருக்கு. யாரு எடுத்தா?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல்ல."

"அவரு குழி விஷயம்மா…"

"குழி விஷயம்! நல்லா இருக்கு ஒங்க குழி விஷயம். ரெண்டு ஆம்பளையும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம கடலப் பாத்துக்கிட்டே நில்லுங்க. கடலு இந்தா வீட்டுக்குள்ள வந்துட்டு, இப்பப் பாருங்க."

திட்டினாள். திட்டட்டும், எனக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்கப்புறம் அவள் பாத்தியில் உட்கார்ந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட ஆரம்பித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அள்ளினது எல்லாம் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே அள்ளினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினேன்.

"ஏழு வருஷம் அண்ணாச்சி. இந்த வெறுங் கல்லுல நான் மண்ணு செஞ்சேன். ஒங்க கண்ணு முன்னாலதான செஞ்சேன்?"

"ஆமாம்மா."

"போவணும்னு சொன்னேன்தான். அதுக்காவ இதையா கேட்டேன்?"

ஆறரைக்கெல்லாம் தண்ணீர் வந்த வழியே தரைக்குள் இறங்கிப் போய்விட்டது. ஒன்றும் நடக்காத மாதிரி காயல் மின்னிக்கொண்டு கிடந்தது.

மறுநாளிலிருந்து லமேக்கோ குழிக்கு நல்ல தண்ணீர் சுமந்தான். வீட்டு மழைத் தண்ணீர் பீப்பாயிலிருந்து இரண்டு வாளி, என் வீட்டிலிருந்து இரண்டு வாளி, வெட்கத்தை விட்டு நாலு வீட்டில் கேட்டு நாலு வாளி. குழியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவான், நல்ல தண்ணீரை ஊற்றுவான். தரைக்குள் உப்பு வந்து நின்ற பிறகு எந்த வாளி அதைக் கழுவும்? அவனுக்கும் தெரியும். ஆனாலும் சுமந்தான். நான் தொட்டியை நிமிர்த்தி, பிளவில் தார் அடைத்து, சாணத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரே உப்பு. உள்ளே இருந்தது செத்துப் புளித்து நாறியதே தவிர ஒரு பொட்டு நெருப்பு எரியவில்லை. வேறு தொட்டி கேட்டு எழுதினேன். திட்டம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஐந்தாம் நாள் குழியோரமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"மச்சான்" என்று கீழேயிருந்து லமேக்கோ கூப்பிட்டான். "இறங்கி வாரும்."

"வேண்டாம் வேய்."

"அட வாரும்ங்கேன். இனிமே ஒளிக்க என்ன இருக்கு?"

குழிப் பக்கம் முகத்தைத் திருப்பினேன். இறங்கினேன். நான்கு செடியில் மூன்று தலை தொங்கிக் கிடந்தன. இலை ஓரமெல்லாம் பழுத்துக் கருகியிருந்தது. ஒவ்வொரு செடியையும் சுற்றி அவன் முடைந்த கூடை எவ்வளவு நேர்த்தி! அதற்குள் தொட்டி வண்டலை அடுக்கியிருந்தான், ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு வண்டல் என்று, விரலால் அளந்த மாதிரி. கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். தடுத்தும் இருப்பேன்.

"தொட்டி நெறஞ்சு இருந்திருந்தா இந்தக் குழி பொழைச்சிருக்குமா மச்சான்?" என்று கேட்டான்.

"இல்ல வேய். அது வேற, இது வேற. குழிக்கு உப்பு வந்துதான் இருக்கும். தொட்டிதான் பொழைச்சிருக்கும்."

அவன் குனிந்து கூடையிலிருந்து ஒரு பிடி வண்டலை அள்ளினான். "தொட்டி இருந்தா அவ பாத்திய மறுபடி ஆக்கிருப்பா, என்ன?"

"ஆக்கிருப்பா."

விருந்துக்கு முதல் நாள் நாலாவது செடியைத் தோண்டினோம். நானும் கூடத் தோண்டினேன். வெளியே வந்ததைப் பார்த்து இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். என் தொடையைவிடப் பெரிசு. ஊர்க்கூடத்தில் வைத்தால் கிழவர்கள் எழுந்து வந்து தொட்டுப் பார்த்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரத் தீனியில் வருகிற பருமனா அது? வண்டலைப் போடும் முன்னாலேயே அவ்வளவு இருந்திருக்கிறது. அவனுக்குத்தான் போதாது என்று தோன்றியிருக்கிறது. தூக்கும்போது அடிப்பாகம் அவன் கையோடு வழிந்து விழுந்தது. பாதிக்குமேல் அழுகல்.

அழுகினதை ஊர்க்கூடத்தில் வைக்க முடியாது. அவன் அதைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மெலாலி முன்னால் பாயில் வைத்தான். அவள் கத்தி எடுத்து அழுகலை நறுக்கித் தள்ளினாள். நல்லதாக மிஞ்சினதைத் துருவி, இலையில் பொதிந்து, விறகு மூட்டி அவித்து, தேங்காய்ப்பாலில் புரட்டினாள். ஃபெக்கெய் என்று அதைச் சொல்லுவோம். பிறந்தநாளிலிருந்து தின்கிற பண்டம். இனிப்பாக இருக்கும். உப்பு என்பதே அதில் சேராது.

என்னையும் உட்கார வைத்தார்கள். லமேக்கோதான் முதலில் வாயில் வைத்தான். மென்றுகொண்டே நிறுத்தினான். நானும் வைத்தேன். கரித்தது. உள்நாக்கு வரைக்கும் கரித்தது.

"உப்பு" என்றான் லமேக்கோ. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான்தான் போட்டேன்" என்றாள் மெலாலி. "கைதவறிட்டு. விறகுப் புகையில கண்ணு தெரியல."

ஃபெக்கெய்யில் யாராவது உப்புப் போடுவார்களா? அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு கையை நீட்டி அகப்பையைத் துழாவினாள். பிள்ளைகள் மூத்ததும் இளையதும் முகம் சுளிக்காமல் தின்றன. அவனும் தட்டு முழுக்கத் தின்றான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றான். நானும் மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து அவன் ஓலைச் சுவரில் செருகியிருந்த நியூசிலாந்துக் காகிதத்தை உருவிப் பாயில் விரித்தான்.

"மச்சான், பேனா வச்சிருக்கீரா?"

"இல்ல வேய்" என்றேன்.

"சட்டைப் பையில இருக்கே."

குனிந்து பார்த்தேன். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.